பெயருக்குக் கீழே ஓர் ஊர்

போன வாரம் காசிமேட்டில் ஒரு சங்கரா மீனின் செவுளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எங்கள் சேனலில் நான் விட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் வினோதினி.

"பிலோக்கா, லைவ் ஓடிட்டு இருக்கு. இவரு முன்னாள் அமைச்சர், இப்ப எம்.எல்.ஏ., ஒரு வாரியத்துக்குத் தலைவர், கட்சியில மாவட்டச் செயலாளர். கீழ எதைப் போடறது?"

"இன்னிக்கு எதுக்காகப் பேசறாரு?"

"வாரியத்தப் பத்தி."

"அப்ப வாரியத் தலைவர். மத்ததெல்லாம் அவரு வூட்டு வாசல்ல போர்டு மாட்டிக்கட்டும்."

மீன்கார அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். "இன்னாமா, மீனு வோணுமா, மந்திரி வோணுமா? சீக்கிரம் சொல்லு."

மீனை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் வினோதினி மறுபடியும் கூப்பிட்டாள். "இதெல்லாம் எழுதி வையுங்கக்கா, எங்களுக்கு உதவும்" என்றாள். உதவுமா என்று தெரியவில்லை. எழுதச் சொல்லி யாரும் இதுவரை என்னைக் கேட்டதில்லை. டைப் அடிக்கச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள்.

என் வேலை என்னவென்று என் உறவுக்காரர்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. "டிவியில வேல பாக்குறா" என்பார்கள். அடுத்த கேள்வி, "எப்போ காட்டுவாங்க?" என்னைக் காட்ட மாட்டார்கள். டிவியில் ஒருவர் பேசும்போது அவர் நெஞ்சுக்குக் கீழே ஒரு பட்டையில் பெயரும் பதவியும் வரும் அல்லவா, அதை அடித்து ஏற்றுவதும் இறக்குவதும்தான் என் வேலை. தொழிலில் அதற்கு ஆஸ்டன் என்று பெயர். சட்டசபை நேரலை, முதல்வர் விழா, ஆய்வுக் கூட்டம், விசாரணைக் குழு என அரசாங்கம் வாய் திறக்கும் இடமெல்லாம் எனக்கு வேலை உண்டு.

இதற்கு நான் தனியாகப் படிக்கவில்லை. வடசென்னை டோல்கேட் பகுதியில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிக்கிற கடையில் சில வருடம் டைப் அடித்தேன். சித்தப்பா பெயர் பெரியப்பா பெயருக்கு மேலே ஏறிவிட்டால் கல்யாணமே நின்றுபோகிற அளவுக்குச் சண்டை நடக்கும். செத்துப்போனவருக்கு பி.ஏ. போட மறந்ததற்காக ஒருவர் போஸ்டர் கட்டைத் தூக்கி என்மேல் எறிந்திருக்கிறார். அதையெல்லாம் பார்த்தபிறகு சட்டசபை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சேனலில் என்னைச் சேர்த்துக்கொண்டவர் துரைராஜ் சார். நேரலை எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா தண்டையார்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்தவர். கடையில் மூட்டைக்கு மூட்டை சீட்டு எழுதி ஒட்டிப் பழகிய கை சாருடையது. செய்தியையும் அப்படியேதான் பார்த்தார். உளுந்து மூட்டையில் துவரை என்று எழுதியிருந்தால் அவருக்கு எப்படி இருக்குமோ, இணைச் செயலாளரைத் துணைச் செயலாளர் என்று போட்டால் அப்படி இருக்கும்.

கத்த மாட்டார். அதுதான் பயம். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, திரையைப் பார்த்து, மிக மரியாதையாகக் கேட்பார்: "ஏம்மா, இந்த மனுசன் நேத்து வரைக்கும் கூடுதல் தலைமைச் செயலாளரால்லா இருந்தாரு. ராத்திரியோட ராத்திரியா நீ எறக்கிப்புட்டியா?"

அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. பேசுகிறவர் மூன்றாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் பட்டை ஏறியிருக்க வேண்டும். அழுகிறவர் முகத்தின்மேல் பட்டை ஏறக் கூடாது. அழுது முடித்துப் பேசும்போது ஏற்றலாம். பெயரைக் காதில் விழுந்தபடியே அடிக்கக் கூடாது, கேட்டு உறுதி செய்த பிறகே அடிக்க வேண்டும். ஒருமுறை ஏதோ திறப்பு விழாவில் மேடையில் இருந்த பிரமுகர் ஒருவர் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தார். கேமராக்காரன் ஆசையாக அவர் முகத்தையே பிடித்து நிறுத்தினான். நான் பழக்கதோஷத்தில் பட்டையை ஏற்றப்போனேன். சார் என் கையைத் தட்டிவிட்டார்.

"தூங்குத மனுசனுக்குப் பேரு கெடையாதும்மா. முழிக்கட்டும், அப்பொறம் குடுப்போம்."

சட்டசபை நேரலையில் படம் எங்களுக்கு வெளியிலிருந்து வரும். எந்த உறுப்பினரைக் காட்டப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரியாது. திடீரென்று ஒரு பின்னந்தலை எழுந்து நிற்கும். அந்தத் தலையை வைத்தே ஆளைச் சொல்ல வேண்டும். வழுக்கை விழுகிற விதத்தில்கூட ஒருவருக்கொருவர் வித்தியாசம் இருக்கிறது. எனக்கு ஆளுங்கட்சி வழுக்கை, எதிர்க்கட்சி வழுக்கை எல்லாம் மனப்பாடம். ஒரு உறுப்பினர் மட்டும் தொப்பி மாதிரி விக் வைத்துக்கொண்டு வந்து ஒரு கூட்டத்தொடர் முழுக்க என்னைத் திண்டாட வைத்தார்.

இப்படியே சிரித்துக்கொண்டு ஓடிய வேலைதான். ஒரு நாள் மட்டும் சிரிக்க முடியாமல் போனது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மணலிப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனி. பெயர் வேண்டாம். ஆலையைப் பெரிதாக்க அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்கு முன் அதிகாரிகள் பொதுமக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். எங்கள் சேனல் அதை முழுக்க நேரலையாகக் காட்ட முடிவு செய்தது. வழக்கமாக நான் ஸ்டூடியோவில்தான் உட்காருவேன். அன்றைக்கு துரைராஜ் சார் என்னை நேரலை வேனோடு அனுப்பிவிட்டார்.

"அங்கன பேசப்போறது மந்திரியோ செயலாளரோ இல்ல. எல்லாம் உன் ஊர்ப் பக்கத்து ஆளுக. பேரெல்லாம் உனக்குத்தான் சரியாப் பிடிபடும். நான் இங்கன இருந்து காதுல பேசுதேன்."

மண்டபத்துக்குள் இடம் போதவில்லை. வெளியே பந்தல் போட்டு ஒரு பெரிய திரையும், உள்ளே மேடையோரம் ஒரு பெரிய திரையும் வைத்திருந்தார்கள். எங்கள் வேனிலிருந்து போகிற படம்தான் இரண்டிலும் ஓடியது. அதாவது நான் ஏற்றுகிற பட்டையை வீட்டில் இருக்கிறவர்கள் மட்டுமல்ல, மண்டபத்தில் இருக்கிறவர்களும் உடனுக்குடன் பார்ப்பார்கள். அது எனக்குப் புதிது.

மேடையில் நான்கு அதிகாரிகள். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. கீழே வலது பக்கம் சடையங்குப்பத்து ஜனங்கள். மழை வந்தால் முதலில் மூழ்குகிற ஊர் அது. ஏற்கெனவே குழாய்த் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு கூட்டம். எல்லார் கையிலும் ஒரே மாதிரி தண்ணீர் பாட்டில், ஒரே மாதிரி சாப்பாட்டுப் பொட்டலம்.

மைக் பக்கத்தில் நின்ற ஒருவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பெயர், தொழில், ஊர். நான் அதைக் கேட்டு, வாசலில் நிற்கும் எங்கள் நிருபரிடம் உறுதி செய்து, பட்டையை ஏற்றினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"அடுத்து, ஆரோக்கியராஜ். மீனவர். சடையங்குப்பம்."

நடந்து வந்த ஆளைப் பார்த்ததும் என் விரல் நின்றுவிட்டது. அது என் ஸ்டெல்லா அக்காவின் வீட்டுக்காரர். ராயபுரத்தில், எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர். அதே கம்பெனியின் கேண்டீனில் காண்ட்ராக்டரிடம் சமையல் வேலை. கடலுக்கும் அவருக்கும் உள்ள உறவு சாப்பாட்டுத் தட்டோடு முடிந்துவிடும். ஒருமுறை உறவுக்காரர் படகில் ஏறி, கரையைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துத் திரும்பி வந்தவர்.

மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். "மதிப்பிற்குரிய அதிகாரிகளே, எங்கள் சடையங்குப்பம் மீனவர்கள் சார்பாக, ஆலை விரிவாக்கத்தை மனதார வரவேற்கிறோம்."

மனதார என்ற சொல்லை மாமா வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

காதில் துரைராஜ் சார். "ஏம்மா, ரெண்டாவது வாக்கியம் போயிக்கிட்டிருக்கு. பட்ட எங்க?"

"சார்..."

"மீனவர், சடையங்குப்பம்னு சொன்னாங்கல்லா. எனக்கே கேட்டுது."

"சார், இவரு என் அக்கா வூட்டுக்காரர் சார்."

காதில் மெதுவாக, "மீன் பிடிப்பாரா?"

"கடல் பக்கம் போனாலே வாந்தி எடுப்பாரு சார்."

ஸ்டூடியோவில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது எனக்குத் தெரிந்தது. பார்க்காமலே தெரியும்.

"கூப்பிட்டவங்க சொன்னதையே போட்டா நம்ம மேல தப்பில்ல. யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். "ஆனா உனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சபொறவு பொய்ய ஏத்தச் சொல்லி நான் சொல்லமாட்டேன். உண்மைய ஏத்துன்னு சொல்லுததுக்கும் எனக்கு வாய் வரல, உன் அக்கா குடும்பம்லா. நீயே பாத்துப் போடு."

சார் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒரு கமாவைக்கூட என் இஷ்டத்துக்கு விட்டவர் இல்லை.

எனக்குத் தெரிந்த உண்மை நிறைய இருந்தது. காண்ட்ராக்டர் யார் என்று தெரியும். போகாவிட்டால் வேலை போய்விடும் என்று மிரட்டித்தான் கூட்டி வந்திருப்பார்கள் என்பதும் தெரியும். அக்கா பெரிய பெண்ணுக்கு நர்சிங் சீட்டுக்கு அலைந்துகொண்டிருந்ததும் தெரியும். வலது பக்கம் பார்த்தேன். சடையங்குப்பத்துப் பெண்கள் யார் இந்தப் புது மீனவர் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பட்டையில் தொழிலைப் போடாமல் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். கம்பெனி பெயர் வராது, கேண்டீன் வராது, மாமாவுக்கு ஆபத்தில்லை. பொய்யும் வராது. ரொம்பச் சாமர்த்தியமாக யோசித்ததாக நினைத்துக்கொண்டு அடித்தேன்.

ஆரோக்கியராஜ்
ராயபுரம்

பட்டை ஏறியது. பெரிய திரையில் மாமா முகம், அதற்குக் கீழே எங்கள் ஊர்.

யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாக்கியம் முடிவதற்குள் வலது பக்கத்தில் ஒரு பெண் எழுந்து நின்றுவிட்டாள். கஸ்தூரி என்று பிறகு தெரிந்துகொண்டேன். இறால் உரிக்கிற வேலைக்குப் போகிறவள். மைக் தேவைப்படாத குரல்.

"யோவ் நைனா! டிவியில ராயபுரம்னு போட்டுகீது. ராயபுரத்து மீனவரு எங்க சடையங்குப்பத்துல வந்து இன்னாத்த புடிக்கிறாரு? கொசுவா?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. இடது பக்கத்துப் பஸ் கூட்டத்திலேயே பாதிப் பேர் சிரித்தார்கள். மாமா எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் திரும்பினார். திரையில் தன் முகத்தையும் தன் ஊரையும் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் வேனுக்குள் இருந்து பெரிதாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மைக் பக்கத்தில் நின்றவர் "அமைதி, அமைதி" என்றார். மாமா அந்தத் தாளை மறுபடி பார்த்தார். பிறகு நாலாக மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

"ஆமாம்மா, நான் ராயபுரம்தான்" என்றார். "மீனவன் இல்ல. கேண்டீன்ல சமையல் பண்றவன். கம்பெனி பெருசானா இன்னும் நாலு பேருக்கு வேல கெடைக்கும். அது மட்டும் பொய்யில்ல. சிரிக்காதீங்க."

சிரிப்பு நின்றது. கஸ்தூரி மட்டும் உட்காரவில்லை. ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சரி நைனா, சோத்துக்குத்தான வந்த, அது தப்பில்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. உள்ள சமைக்கிறியே, தண்ணி எங்கேந்து புடிக்கிற?"

"லாரித் தண்ணிதான். டெய்லி வருது."

"ஏன், உள்ள போர் போடலியா?"

"போர் கீதும்மா. அந்தத் தண்ணில பருப்பே வேவாது. பாத்திரம் கழுவுனா மஞ்சக் கறை புட்ச்சிக்கினு போவாது. நாங்க தொடவே மாட்டோம்."

சமையல்காரர் சமையலைப் பற்றிப் பேசுகிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் மண்டபம் எவ்வளவு அமைதியாகிவிட்டது என்பதைக் கவனித்தார். சடையங்குப்பத்துக் குழாய்க்கும் அந்தப் போருக்கும் நடுவில் ஒரு மதில்சுவர்தான் இருந்தது.

மேடையில் கண்ணாடி போட்ட அந்த அம்மா முன்னால் குனிந்தார். "அதை இன்னொரு தடவை சொல்லுங்க. பதிவு பண்ணணும்."

இடது பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் மாமாவையே முறைத்துக்கொண்டிருந்தார். கேமராக்காரன் அதையும் காட்டினான். அவர்தான் காண்ட்ராக்டர். நான் அவருக்குப் பட்டை போடவில்லை. அவர் பேசவில்லையே.

மாமா அவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். தெரியாமல் வாய்தவறிச் சொன்னேன் என்று அந்த நிமிஷம் சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு போயிருக்கும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் மறுபடியும் சொன்னார். லாரித் தண்ணி, போர், பருப்பு, மஞ்சள் கறை. இந்தத் தடவை மெதுவாக, எழுதிக்கொள்ள வசதியாக.

காதில் துரைராஜ் சார். "இப்ப தொழில அவரே சொல்லிப்புட்டாரும்மா. மரியாதையா போடு."

'சமையல் கலைஞர், ராயபுரம்' என்று மாற்றினேன். சமையல்காரர் என்றுதான் முதலில் அடித்தேன். கை தானாக அழித்தது.

மறுநாள் காலை மாமா கேண்டீனுக்குப் போனபோது வேறு ஒருவர் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "உன் டிவிக்கு என் புருசன்தான் கெட்சாரா? ஊர்ல எத்தினி பேரு எதயெதயோ பேசறான், அவனுக்கெல்லாம் ஊர் பேரு போட்டியா? கண்ண மூடிக்கினு அவங்க சொன்னத போட்டிருந்தா இன்னாடி கொறஞ்சிருக்கும் உனக்கு?"

"அக்கா, நான் அவருக்கு நல்லது நெனச்சிதான்..."

"நீ நெனச்ச நல்லதுல என் வூட்டு அடுப்பு அணைஞ்சிட்ச்சி."

அதன்பிறகு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு நான் கொடுத்தனுப்பிய கேக் திரும்பி வந்தது. ஒரு துண்டு மட்டும் குறைந்திருந்தது. அது மாமா வேலை என்று எனக்குத் தெரியும்.

மாமாவுக்கு என்மேல் கோபமே இல்லை. வேலை தேடி அலைகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவார். கொடுங்கையூரில் ஒரு கல்யாணச் சமையல் குழுவோடு சேர்ந்து கொஞ்ச நாள் ஓட்டினார். பிறகு ஹார்பருக்கு வருகிற லாரிக்காரர்கள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் நிரந்தரமாக வேலை கிடைத்தது. நர்சிங் சீட்டும் எப்படியோ கிடைத்துவிட்டது. அதற்குள் அக்கா கழுத்திலிருந்து ஒரு சங்கிலி இறங்கியிருந்தது.

ஒருநாள் கேட்டேன். "ரெண்டாவது தபா அந்தம்மா கேக்கும்போது, தெரியாதுன்னு சொல்லிருக்கலாம்ல மாமா?"

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன்" என்றார். "அந்தப் பொம்பள நின்னுகினே இருந்துச்சா, கையில பாரு, இறால் உரிச்சி உரிச்சி விரலெல்லாம் வெந்துபோய்க் கெடந்துச்சி. அதப் பாத்துகினு பொய் சொல்ல வரல. அதுக்கு முன்னாடி தாளப் பாத்துகினே சொன்னதால சொல்ல முட்ஞ்சிச்சி."

அந்தப் போர்த் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். அதற்குப்பிறகு மாதக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. நாங்களும் வேறு வேறு மந்திரிகளின் பட்டைகளில் மூழ்கிவிட்டோம்.

அடுத்த சட்டசபைக் கூட்டத்தொடர். கேள்வி நேரம். நான் வழக்கம்போல பின்னந்தலைகளைப் பார்த்து ஆள் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்க்கட்சி வரிசையில் ஒரு உறுப்பினர் எழுந்தார். மணலியில் ஒரு ஆலைக்குள் இருக்கும் போர்த் தண்ணீரை அங்கே வேலை செய்கிறவர்களே தொடுவதில்லை என்று பொதுமக்கள் கூட்டத்தில் ஒரு கேண்டீன் தொழிலாளி சொன்னாரே, அதன்மேல் என்ன நடவடிக்கை என்று கேட்டார். அமைச்சர் எழுந்து, சோதனையில் தண்ணீர் கெட்டுப்போயிருப்பது உறுதியாகிவிட்டது, அதைச் சரிசெய்யும்வரை விரிவாக்கத்துக்கு அனுமதி இல்லை, அந்தப் பகுதிக்கு இனி ஆலைச் செலவில் குடிநீர் போகும் என்றார்.

என் போன் மேஜைமேல் அதிர்ந்தது. ஸ்டெல்லா அக்கா. நேரலையின்போது போன் எடுப்பது துரைராஜ் சார் சட்டப்படி பெரிய குற்றம். நான் சாரைப் பார்த்தேன். போன் திரையில் பெயரை அவரும் பார்த்துவிட்டார். அவருக்கு எல்லாக் கதையும் தெரியும்.

"எடும்மா" என்றார். "நவுரு, பட்டைய நான் பாத்துக்கிடுதேன்." என் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

நான் சுவரோரம் போய் நின்று போனை எடுத்தேன். பின்னால் அக்கா வீட்டு டிவியில் எங்கள் சேனல் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த எம்.எல்.ஏ. சொன்னாரே" என்றாள். "இவரத்தான சொன்னாரு?"

"ஆமாக்கா. மாமாவத்தான்."

"பேரச் சொல்லலியேடி."

"அங்க அப்படித்தான்க்கா. ஆனா அந்தக் கூட்டத்துப் பதிவுல பேரு எழுதி இருக்கும்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"சாப்ட்டியா?" என்றாள்.

"இன்னும் இல்லக்கா."

"வேல முட்ஞ்சி நேரா வூட்டுக்கு வா. வஞ்சிரம் கொழம்பு வச்சிகீறேன். இவரு இல்ல, நான் வச்சது." சட்டென்று நிறுத்தினாள். "ஏய் பிலோமினா, இன்னாடி இது? அந்த எதிர்க்கட்சிக்காரர எப்போ மந்திரி ஆக்குனாங்க?"

திரும்பிப் பார்த்தேன். கேள்வி கேட்ட உறுப்பினர் மறுபடியும் எழுந்து ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சுக்குக் கீழே அமைச்சரின் பெயரும் துறையும் பளபளவென்று நின்றன. துரைராஜ் சார் நிமிர்ந்த முதுகோடு, ஏதோ பெரிய காரியத்தை முடித்துவிட்ட திருப்தியோடு, விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அக்கா போனில் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். அதைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அவள் சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன்.